காற்றில் புதையல், வேரில் சாவி



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வளரும் நமக்கு, நிலத்தைத் தோண்டினால் ஏதேனும் கிடைக்கும் என்ற எண்ணம் சிறு வயதிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. அரியலூரைச் சுற்றி வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கிறது. கிணறு வெட்டுகிறவர்கள் சிப்பிகளையும் சுருள் வடிவ நத்தைக் கற்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேலான நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் அதை உலகிற்கு அறிவித்தார். அது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையது என்கிறார்கள். நம் மாவட்டத்தை ஒட்டிய ஊட்டத்தூர்ப் பகுதிக் களிமண்ணில் ஜிப்சமும் பாஸ்பேட் முடிச்சுகளும்கூடக் கிடைக்கின்றன.

சுண்ணாம்பும் ஜிப்சமும் பாஸ்பேட்டும் பயிருக்கு வேண்டியவைதாம். நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவதை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். ஆனால் பயிருக்கு மிக அதிகமாக வேண்டிய சத்து ஒன்றை நம் ஊரில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் எடுக்க முடியாது. அதுதான் தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன். அது இருக்குமிடம் நம் தலைக்கு மேலே. அதை மண்ணுக்குக் கொண்டுவருபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை எங்கே, எப்படி வேலை செய்கின்றன, அவற்றின் வேலையில் நம் கை எங்கே குறுக்கிடுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பூட்டிய புதையல்

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் வாயு என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த டேனியல் ரூதர்போர்டு 1772-இல் இதைத் தனியே பிரித்துக் காட்டினார். ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கும் தெரியுமா? கணக்கிட்டால் ஏறத்தாழ 31,000 டன் வருகிறது. ஓர் ஏழை உழவரின் மானாவாரிக் காட்டுக்கு மேலேயும் இதே அளவுதான் இருக்கிறது.

அப்படியிருந்தும் அந்தக் காட்டில் பயிர் தழைச்சத்து இல்லாமல் வெளிறி நிற்பது ஏன்? காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு இருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்கச் செடிக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒவ்வொரு மூச்சிலும் நாம் நைட்ரஜனை உள்ளே இழுக்கிறோம். இழுத்தபடியே வெளியே விட்டுவிடுகிறோம். ஆனால் நம் தசையும் இரத்தமும் நைட்ரஜன் இல்லாமல் உண்டாவதில்லை. 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவியின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோவுக்கும் சற்று அதிகமான நைட்ரஜன் இருக்கிறது. அது முழுவதும் சோறு, பருப்பு, பால், முட்டை ஆகியவற்றின் வழியாக வந்ததே தவிர, மூச்சின் வழியாக வந்ததன்று.

மனிதன் இந்தப் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டு நூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகிறது. ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் 1909-இல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா உண்டாக்கிக் காட்டினார். கார்ல் பாஷ் அம்முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றார். 1913-இல் ஓப்பாவ் என்னும் இடத்தில் ஆலை இயங்கத் தொடங்கியது. இவ்வேலைக்கு 400 முதல் 500 டிகிரி வரை வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். கடையில் நாம் வாங்கும் யூரியா இவ்வழியில் பிறந்ததே. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேருடைய உணவு இந்த ஆலை நைட்ரஜனை நம்பியிருக்கிறது என்பது அறிஞர்களின் கணிப்பு. ஆகையால் யூரியாவை இகழ்ந்து பேசுவது நன்றன்று. அதே சமயம், ஆலையில் அத்தனை நெருப்பு மூட்டிச் செய்யும் வேலையை ஒரு நுண்ணுயிர், ஆண்டிமடத்துச் செம்மண்ணில், சாதாரண வெப்பத்தில், சத்தமின்றிச் செய்கிறது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கடலை வேரில் ஒரு பட்டறை

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கங்களில் முந்திரித் தோப்புகளுக்கு இடையே நிலக்கடலை விளைவதை நாம் அறிவோம். விதைத்து ஒன்றரை மாதம் ஆன ஒரு கடலைச் செடியை, மண் உதிராமல் தோண்டியெடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். பக்க வேர்கள் பிரியும் இடங்களில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் சிறு சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். இவை நோயால் வந்த கட்டிகள் அல்ல. இவற்றை வேர் முண்டுகள் என்கிறோம். ஒவ்வொரு முண்டுக்குள்ளும் ரைசோபியம் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன.

இரண்டு தரப்புக்கும் இடையே நல்ல கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையைச் செடி முண்டுக்கு அனுப்புகிறது. பாக்டீரியா அதை எரித்து வரும் ஆற்றலால் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குத் தருகிறது. இவ்வேலையைச் செய்யும் நொதிக்கு நைட்ரஜனேஸ் என்று பெயர். இரும்பும் மாலிப்டினமும் அதில் உண்டு. இந்த நொதிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சு விடவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்க முண்டுக்குள் ஒரு நிறப்பொருள் உண்டாகிறது. அது ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, அளந்து அளந்து கொடுக்கிறது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு அது நெருங்கிய உறவு. ஆகவேதான் வேலை செய்யும் முண்டை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது அங்கே குடியேறியது பயனற்ற இனம். பச்சையாகிவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். எந்தக் கருவியும் இல்லாமல் நாம் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

அவரை இனப் பயிர்களால் நிலம் வளம் பெறும் என்பது உழவர்கள் தொன்றுதொட்டு அறிந்த செய்தி. அதற்குக் காரணம் முண்டுகளில் உள்ள நுண்ணுயிர்களே என்பதை ஜெர்மானியர்களான ஹெல்ரீகலும் வில்பார்த்தும் 1886 முதல் 1888 வரையான ஆண்டுகளில் நிறுவினர். 1888-இல் ஹாலந்து நாட்டு பைஜெரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே வளர்த்துக் காட்டினார்.

நிலக்கடலை தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர். வேற்று நாட்டிலிருந்து வந்த அதற்கு நம் மண்ணில் துணை எப்படிக் கிடைத்தது? தட்டைப்பயறு, உளுந்து, கொள்ளு போன்ற பயிர்களோடு நெடுங்காலம் பழகிய பாக்டீரியாக்கள் நம் மண்ணிலேயே இருந்தன. அவையே கடலையின் வேரிலும் குடியேறின. ஆயினும் மண்ணில் உள்ளவை எல்லாம் ஒரே திறமை உடையவை அல்ல. ஆகவேதான் தேர்ந்தெடுத்த ரைசோபியத்தைப் பொட்டலமாக விற்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கான கடலை விதைக்கு 600 கிராம் போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின் மேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். வெயிலில் உலர்த்தினால் பாக்டீரியா செத்துவிடும். பூஞ்சைக் கொல்லி மருந்து கலப்பதானால் அதை முதலில் கலந்து, ஒரு நாள் கழித்தே ரைசோபியத்தைச் சேர்க்க வேண்டும்.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, கடலைக்கு அளவுக்கு மீறி யூரியா போட்டால் செடி முண்டுகளைக் குறைத்துக்கொள்ளும். இலவசமாகச் சோறு கிடைக்கும் வீட்டில் அடுப்பு மூட்டுவாரில்லை. இரண்டாவது, கடலை விதைத்துவிட்டாலே நிலத்தில் தழைச்சத்து சேர்ந்துவிடும் என்பது முழு உண்மையன்று. நெல்லையும் சோளத்தையும் அரிவாளால் அறுக்கிறோம். வேர் மண்ணிலேயே தங்குகிறது. கடலையை வேரோடு பிடுங்குகிறோம். பருப்பு செக்குக்கும் சந்தைக்கும் போகிறது. கொடி மாட்டுக்குப் போகிறது. செடி காற்றிலிருந்து சேர்த்த நைட்ரஜனில் பெரும்பகுதி இப்படி வயலை விட்டு வெளியேறிவிடுகிறது. அது திரும்பி வர வேண்டுமானால், மாட்டுத் தொழுவம் வழியாகத்தான் வர வேண்டும்.

நெல் வயலும் மக்காச்சோளக் காடும்

கடலை விளையாத இடத்தில் என்ன நடக்கிறது? அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், திருமானூர், தா.பழூர் பக்கத்துக் கொள்ளிடக் கரை ஊர்களில் நெல் விளைகிறது. அங்கே தண்ணீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது. டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பி. கே. தே, நெல் வயலின் வளத்துக்கு இப்பாசி துணை செய்வதை 1939-இல் எடுத்துக்காட்டினார். அசோலா என்னும் சிறு நீர்ப்பெரணியின் இலைக்குள்ளே அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. அசோலாவை வயலில் வளர்த்து மிதித்துவிட்டால் தழை உரம்; தொட்டியில் வளர்த்தால் மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம்.

பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பெயர் பெற்றது. வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மக்காச்சோளம் தழைச்சத்தை மிகுதியாக உண்ணும் பயிர்; அதன் வேரில் முண்டுகள் வருவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு சிறு துணை உண்டு. அதன் வேரை ஒட்டி வாழும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவே அது. அதன் சிறப்பை உலகிற்கு உணர்த்தியவர் ஒரு பெண்மணி என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் பெயர் ஜோஹன்னா டோபரைனர். 1924-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, போரின் துன்பங்களைக் கண்டு, பிரேசில் நாட்டில் குடியேறி, மண் நுண்ணுயிர் ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டவர். புல் இனப் பயிர்களின் வேரோடு நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்கள் வாழ்வதை 1970-களில் அவர் எடுத்துக்காட்டினார். பிரேசில் நாட்டுச் சோயா மொச்சை, யூரியாவை நம்பாமல் வேர் முண்டுகளை நம்பி விளைவதற்கு அவருடைய உழைப்பு பெருங்காரணம். 1978-இல் திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் அவர் உறுப்பினரானார். 2000-ஆம் ஆண்டில் மறைந்தார்.

அசோஸ்பைரில்லம் மக்காச்சோளத்தின் முழுப் பசியையும் தீர்த்துவிடாது. வேர் நன்கு படரவும், உரத்தைச் சற்றுக் குறைக்கவும் அது உதவும். மிச்சப் பசிக்கு எருவோ யூரியாவோ வேண்டும். அந்த எருவும் பயிரின் வாய்க்கு எட்டுவது நுண்ணுயிர்களின் கையால்தான்.

எருக்குழியில் நடப்பது

கடலைக்கொடியைத் தின்ற மாடு சாணமும் மூத்திரமும் தருகிறது. இலைச் சருகு விழுகிறது, புழு பூச்சி இறக்கிறது. இவற்றில் கட்டுண்ட நைட்ரஜனை அழுகச் செய்யும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சிதைத்து அம்மோனியாவாக வெளிவிடுகின்றன. காலையில் தொழுவத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி இந்த அம்மோனியாவே. அந்த நெடி வீசும்போதெல்லாம் நம் வீட்டுத் தழைச்சத்து காற்றோடு போகிறது என்று அறிய வேண்டும்.

மாட்டின் கழிவில் சாணத்தைக் காட்டிலும் மூத்திரத்தில்தான் எளிதில் கரையும் நைட்ரஜன் மிகுதி. நாம் சாணத்தை அள்ளிச் சேர்க்கிறோம். மூத்திரத்தைத் தரையில் ஓடவிட்டு விடுகிறோம். தொழுவத்தில் சருகையும் வைக்கோல் கூளத்தையும் பரப்பி, மூத்திரம் ஊறியபின் அதைக் குழியில் சேர்த்தால் இழப்பு குறையும். எருக்குழியை வெயிலில் திறந்து போடாமல், நிழலில் அமைத்து, மேலே மண் மூடி வைப்பது நல்லது. வயலில் கொட்டிய எருவை நாட்கணக்கில் காய விடாமல் உடனே உழுதுவிடவும் வேண்டும்.

கோடைக் காலத்தில் நம் பக்கத்துக் காடுகளில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்திருக்கிறோம். இரவெல்லாம் ஆடுகள் வயலிலேயே படுத்துப் புழுக்கையும் மூத்திரமும் விடுகின்றன. தொழுவத்திலிருந்து அள்ளிச் சுமக்கும் வேலையும் இல்லை, வழியில் சிந்தும் இழப்பும் இல்லை. கிடை எழுந்தவுடன் உழுதுவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது, அம்மோனியா பறந்து போகாமல் மண்ணுக்குள் மூடுவதற்கான ஏற்பாடே.

பிடிபடும் உப்பு, பிடிபடாத உப்பு

மண்ணுக்குள் வந்த அம்மோனியா அப்படியே தங்குவதில்லை. இன்னொரு கூட்டத்தார் அதை எடுத்து முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறார்கள். இதை ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளக்கினார். முதல் மாற்றத்துக்கு நைட்ரோசோமோனஸ், இரண்டாவதற்கு நைட்ரோபாக்டர் என்று பாடநூல்களில் படிக்கிறோம். இரண்டு வேலைகளையும் தனியொருவராகவே செய்து முடிக்கும் பாக்டீரியாவும் உண்டு என்பது 2015-இல் தெரியவந்தது. அது நைட்ரோஸ்பைரா இனத்தைச் சேர்ந்தது.

அம்மோனியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அம்மோனியா மண்ணில் நேர் மின்னூட்டம் பெற்று நிற்கிறது. களிமண் துகளோ எதிர் மின்னூட்டம் உடையது. ஆகவே கரிசல் மண் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நைட்ரேட் எதிர் மின்னூட்டம் உடையது. மண் அதைப் பிடிப்பதில்லை. வேர் எடுத்துக்கொண்டால் பயிருக்கு ஆகும். வேர் எடுக்கும் முன் பெருமழை பெய்தால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

ஒரு மூட்டை யூரியா இன்று 45 கிலோ. அதில் 46 விழுக்காடு நைட்ரஜன். அதாவது மூட்டைக்கு 20 கிலோவுக்குச் சற்று அதிகம். நாம் இடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவே. மீதி ஆவியாகவோ, கரைந்தோ போகிறது. ஒரே தடவையில் கொட்டினால் இழப்பு இன்னும் மிகுதி. அதனால்தான் இரண்டு மூன்று தவணையாக, ஈரமுள்ளபோது, வேருக்கு அருகில் இடச் சொல்கிறார்கள். யூரியாவோடு ஐந்துக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து இடும் வழக்கமும் உண்டு. வேம்பு, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேகத்தைத் தணிக்கிறது. அதனால் தழைச்சத்து பயிருக்குச் சிறிது சிறிதாகக் கிடைக்கிறது. 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வர வேண்டும் என அரசு விதித்தது இதை ஒட்டியே. நம் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் கசப்பு, மண்ணுக்குள் ஒரு பாக்டீரியாவின் கையைப் பிடித்து நிறுத்துகிறது என்பது வியப்பன்றோ?

கிணற்றுக்குள் இறங்கும் கடன்

கீழே இறங்கிய நைட்ரேட் எங்கே போகிறது? நம் கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் போகிறது. பெற்றோர்கள் இப்பகுதியைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாடு முழுவதும் சோதித்த நீரில் ஏறத்தாழ 20 விழுக்காடு இந்த அளவைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அது 37 விழுக்காட்டுக்கும் மேல். காரணம் உரம் மட்டுமன்று. கிணற்றை ஒட்டிய எருக்குழியும், கழிவுநீர்த் தொட்டியும், சாக்கடையும் சேர்ந்தே இதைச் செய்கின்றன.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. தண்ணீரைக் காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு செறிவதுபோல் இன்னும் செறியும். பெரியவர்களைக் காட்டிலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். குழந்தையின் குடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடுகிறது. கெட்ட ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்டர் காம்லி, பண்ணைக் கிணற்று நீரில் கலந்த புட்டிப்பால் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டறிந்தார்.

கடலை முண்டுக்குள் இளஞ்சிவப்பாக நின்று நைட்ரஜன் வேலைக்குக் காவல் இருந்த நிறப்பொருளை முன்னே பார்த்தோம். அதன் உறவான ஹீமோகுளோபினே தொட்டில் குழந்தையின் இரத்தத்தில் இங்கே கெடுகிறது. இரண்டு இடத்திலும் நைட்ரஜன்தான். ஒன்றில் அது வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் இருக்கிறது. மற்றொன்றில் இடம் தவறி, அளவு மீறி இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டா என்று செவிலியர் சொல்வதற்கு இருக்கும் பல நல்ல காரணங்களுள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கரைவெட்டி ஏரியின் சேறு

இத்தனை நைட்ரேட்டும் மண்ணிலும் நீரிலும் குவிந்துகொண்டே போனால் உலகம் என்ன ஆகும்? அதற்கும் இயற்கையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைக் காண அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குப் போவோம்.

சுமார் 450 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரி நீர் வருகிறது. இது பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக இது அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் தொடங்கியபின் வெளிநாட்டுப் பறவைகள் பல இங்கே வருகின்றன. இமயத்தைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து அவற்றுள் புகழ் பெற்றது. பறவைகள் சுற்றுவயல்களில் மேய்ந்து, ஏரியில் எச்சமிடுகின்றன. வயல்களிலிருந்து வடியும் நீரும் நைட்ரேட்டைச் சுமந்து வந்து ஏரியில் சேர்கிறது.

ஏரியின் அடிச்சேற்றில் காற்றுப் புகுவதில்லை. அங்கே வாழும் சூடோமோனஸ் போன்ற பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் கிடைக்காத குறைக்கு நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மூச்சு விடுகின்றன. மிஞ்சிய நைட்ரஜன் வாயுவாகி, குமிழியாய் மேலேறிக் காற்றில் கலக்கிறது. கடலை வேரில் தொடங்கிய பயணம் ஏரிச் சேற்றில் முடிந்து, மீண்டும் வானத்துக்கே திரும்புகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றிவிட்டது.

இவ்வேலை குறைபட நடந்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு வெளிப்படும். அது எடைக்கு எடை கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 270 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலிலும் இவ்வாயு மிகுதியாகப் பிறக்கிறது. ஏரி, குளம் போன்ற ஈரநிலங்கள் நம் நீரைச் சுத்திகரித்துத் தரும் தொழிற்சாலைகள். ஆயினும் அவற்றாலும் ஓரளவுக்கு மேல் சுமக்க முடியாது. நைட்ரேட் அளவு மீறினால் பாசி படரும். அது அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும். ஏரியைத் தூர்த்து மனை போடுகிறவர்கள், கிணற்று நீரைக் காக்கும் வேலைக்காரர்களையும் சேர்த்தே புதைக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

இந்தச் சக்கரத்தை நாம் உண்டாக்கவில்லை. நம்மால் நிறுத்தவும் முடியாது. முண்டில் குடியிருக்கும் பாக்டீரியாவும், எருக்குழியில் உழைப்பதும், மண்ணில் நைட்ரேட் ஆக்குவதும், சேற்றில் அதை வாயுவாக்குவதும் நம்மைக் கேட்டு வேலை செய்வதில்லை. ஆனால் சத்து எந்த இடத்தில் தங்குகிறது, எந்த இடத்தில் சிந்துகிறது என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. மாணவியராகிய நாமும் வீட்டில் எடுத்துச் சொல்லக்கூடிய சில செய்திகள் வருமாறு.

ஒன்று: மக்காச்சோளத்துக்குப் பின் மீண்டும் மக்காச்சோளமே என்றில்லாமல், இடையே கடலையோ உளுந்தோ தட்டைப்பயறோ விதைப்பது. பருத்தியில் உளுந்தை ஊடுபயிராக இடலாம். உளுந்தை வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுத்தால் முண்டுகள் மண்ணுக்கே மிஞ்சும்.

இரண்டு: கடலைக்கொடி மாட்டுக்குப் போனால், அந்த மாட்டின் எரு கடலைக் காட்டுக்குத் திரும்பி வரச் செய்வது. எரு இல்லாதவர் சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி போன்றவற்றை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். இவையும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மூன்று: எருக்குழியைக் கிணற்றை விட்டுத் தள்ளி அமைத்து, மூடி வைப்பது.

நான்கு: பக்கத்து வயல் பச்சையாக இருக்கிறதென்று யூரியாவைக் கூட்டாமல், மண்ணைச் சோதித்து அதன்படி இடுவது. பெரம்பலூர் மாவட்டத்தார்க்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தார்க்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. விதை நேர்த்தி, உயிர் உரம் ஆகியவற்றைப் பற்றி அங்கே கேட்டறியலாம்.

ஐந்து: வீட்டில் கைக்குழந்தை இருந்தால், குடிக்கும் கிணற்று நீரை ஒருமுறையேனும் சோதித்துப் பார்ப்பது.

சாத்தனூர் மரம் பச்சை மரமாக நின்ற காலத்திலும் இந்த நுண்ணுயிர்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. மரம் கல்லாயிற்று, கடல் வற்றிக் கடலைக் காடு ஆயிற்று. அவற்றின் உழைப்பு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. வெட்டிய சுண்ணாம்புக்கல் மறுபடி விளையாது. கடலை வேரின் முண்டோ ஆடிப் பட்டத்துக்கு ஆடிப் பட்டம் புதிதாகத் தோன்றும். தோழியரே, இந்த ஆண்டு கடலை பிடுங்கும் நாளில் ஒரு வேரைக் கையில் எடுத்து, அந்தச் சிறு உருண்டைகளைத் தம்பி தங்கையருக்குக் காட்டுங்கள். நம் தட்டிலுள்ள பருப்பு எங்கிருந்து வந்தது என்பதை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.